டெல்லியை வயது வரிசையில் பாருங்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு நான்கு நாள் வழிகாட்டி

டெல்லிக்கு முதல்முறை போகிறவர்களில் பலர் ஒரு நாள் சுற்றுலாப் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். பிர்லா மந்திர், இந்தியா கேட், செங்கோட்டை, தாமரைக் கோயில், குதுப் மினார் என்று அந்தப் பஸ் ஓடும். ஓரிடத்தில் அரை மணி நேரம், இன்னோரிடத்தில் இருபது நிமிடம். மறுநாள் ஆக்ரா. ஊர் திரும்பியபின் எது முந்தியது, எது பிந்தியது, எதை யார் கட்டினார் என்று கேட்டால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும். இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு தூரம் போய், அந்த நகரத்தின் கதையைத் தவறவிட்டு வருவது எனக்குப் பெரிய வருத்தம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டெல்லியில் தலைநகரம் ஒரே இடத்தில் இருந்ததில்லை. ஒவ்வோர் அரச வம்சமும், சில சமயம் ஒவ்வோர் அரசரும், பழைய கோட்டையை விட்டுச் சில மைல் தள்ளிப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். மெஹ்ரோலியில் தொடங்கி சிரி, துக்ளகாபாத், ஜஹான்பனா, பிரோசாபாத், இன்றைய புரானா கிலா, ஷாஜஹானாபாத் என்று அது பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. கடைசியில் ஆங்கிலேயர் நடுவில் வந்து புது டெல்லியைக் கட்டினார்கள். அதுவும் இப்போது கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. இந்த வரிசையிலேயே பார்த்தால் மனத்தில் நிற்கும். நான்கு நாள் போதும்.

எப்போது போவது

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை. இதைவிட நல்ல காலம் கிடையாது. குளிர் தணிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, சாலையோர முள்ளிலவு மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்திருக்கும். குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டமும் அந்தச் சமயத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது.

மற்ற மாதங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் காற்று மாசு கடுமையாக இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் அப்போது போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் பனிமூட்டத்தால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். ஜனவரி 26-க்கு முந்தைய நாட்களில் அணிவகுப்பு ஒத்திகைக்காக, இந்தியா கேட்டை ஒட்டிய கர்த்தவ்ய பத் சாலையில் தடுப்புகள் இருக்கும். ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் விடமாட்டார்கள். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். கல் தரையில் செருப்பைக் கழற்றி நடக்க முடியாது.

எந்தக் கிழமையில் தொடங்குவது

இதைக் கவனிக்காமல் போய் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, தாமரைக் கோயில், அட்சர்தாம் எல்லாம் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சவுக்கின் மொத்தவிலைக் கடைகள் பூட்டியிருக்கும். நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாடல்களைப் பாடுவதற்குப் பெயர்போன நாள் வியாழக்கிழமை மாலை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், புதன் முதல் சனி வரை என்ற நான்கு நாள் கச்சிதமாகப் பொருந்துகிறது. திங்கட்கிழமை இரவு சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் புதன்கிழமை காலை புது டெல்லியில் இறங்கலாம். கீழே எழுதியிருப்பதும் அந்தக் கணக்கில்தான்.

போகும் முன் செய்ய வேண்டியவை

குடியரசுத் தலைவர் மாளிகையைச் சுற்றிப் பார்க்க இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அங்கே போய் நின்று கேட்டால் நடக்காது. சனிக்கிழமை காலை நேரத்தை முதலில் பிடித்துவிடுங்கள். மற்றதை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். முன்பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையின் அசலைக் கையில் எடுத்துப் போங்கள்.

குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, செங்கோட்டை போன்ற இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களுக்கும் டிக்கெட்டைக் கைபேசியிலேயே வாங்கலாம். கவுன்ட்டர் வரிசையும் மிச்சம், சில ரூபாயும் மிச்சம். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் தேவையில்லை. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தெற்காசிய சார்க் கூட்டமைப்பு நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியர்களுக்கான கட்டணமே பொருந்தும். கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். கேட்காமலிருந்தால் வெளிநாட்டவர் கட்டணத்தை வாங்கிவிடக் கூடும், அது பல மடங்கு அதிகம்.

தங்கும் இடத்தை மெட்ரோ நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் தேர்ந்தெடுங்கள். இதைத் தவிர வேறெந்த விதியும் எனக்கு முக்கியமாகப் படவில்லை. கரோல் பாகில் நடுத்தர வாடகையில் விடுதிகள் நிறைய, இட்லி சாம்பாரும் கிடைக்கும். கொஞ்சம் அமைதி வேண்டும் என்றால் தெற்கே கிரீன் பார்க், ஹௌஸ் காஸ் பக்கம். ரயிலடிக்கு எதிரே உள்ள பஹாட்கஞ்சில் வாடகை குறைவுதான். ஆனால் வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு அந்த நெரிசலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறங்கியதும்

புது டெல்லி ரயில் நிலையத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. பஹாட்கஞ்ச் பக்கம் ஒன்று, அஜ்மேரி கேட் பக்கம் மற்றொன்று. மெட்ரோ அஜ்மேரி கேட் பக்கம்தான். வெளியே வந்ததும் யாராவது அணுகி, "உங்கள் விடுதி மூடிவிட்டார்கள்", "அந்தச் சாலையில் கலவரம்", "அரசு சுற்றுலா அலுவலகம் இதோ" என்று சொன்னால் நிற்காமல் நடந்துவிடுங்கள். இது பல ஆண்டுகளாக நடக்கிற ஏமாற்று. விடுதிக்கு நீங்களே போன் செய்து கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தி போன்றவை ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் நிற்கும். அதற்கும் அருகிலேயே மெட்ரோ இருக்கிறது. விமானத்தில் வந்து 3-ஆம் முனையத்தில் இறங்கினால் விமான நிலைய விரைவு மெட்ரோ நேரே புது டெல்லி நிலையத்துக்குக் கொண்டுவந்து விடும்.

2002 டிசம்பரில் தொடங்கிய டெல்லி மெட்ரோதான் இந்த நான்கு நாளுக்கும் உங்கள் வாகனம். ஒரு நாள், மூன்று நாள் சுற்றுலா அட்டைகள் உண்டு. இல்லாவிட்டால் சாதாரண ஸ்மார்ட் கார்டு வாங்குங்கள். மஞ்சள் தடத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தெற்கே குதுப் மினார், நடுவில் மத்தியச் செயலகம், ராஜீவ் சவுக், வடக்கே சாந்தினி சவுக். எண்ணூறு ஆண்டு வரலாறு ஒரே தடத்தில் கோத்துக் கிடக்கிறது. ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். குடும்பமாகப் போகும் ஆண்கள் தெரியாமல் அதில் ஏறி அபராதம் கட்டுவது உண்டு.

ஆட்டோவில் ஏறுமுன் மீட்டர் போடச் சொல்லுங்கள், மறுத்தால் கைபேசிச் செயலியில் வண்டி கூப்பிடுங்கள். இந்தி தெரியாது என்று தயங்க வேண்டாம். "கித்னா?" என்று விலை கேட்கவும், "பையா, யஹான் ரோக்கியே" என்று நிறுத்தச் சொல்லவும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முன்பின் தெரியாத ஓட்டுநரை "பையா" என்று, அதாவது அண்ணன் முறையில், அழைப்பதுதான் அங்கே மரியாதை.

புதன்: மெஹ்ரோலி, கல்லில் எழுதிய தொடக்கம்

ரயிலிலிருந்து இறங்கிக் குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து, பத்து மணிக்கு மேல் கிளம்பினால் போதும். குதுப் மினார் நிலையத்திலிருந்து வளாகம் நடக்கிற தூரமில்லை, ஆட்டோ பிடியுங்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுப்பார்கள். நீங்கள் முதலில் மசூதியின் முற்றத்துக்குப் போங்கள். டெல்லியின் முதல் சுல்தான் குதுப்-உத்-தீன் ஐபக் கட்டத் தொடங்கிய குவ்வத்துல் இஸ்லாம் மசூதி அது. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அதன் வாசல் கல்வெட்டே சொல்கிறது. நம் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தூண்கள் புதிதாகத் தெரியாது. சங்கிலியில் தொங்கும் மணி, பூங்கொத்து, சிதைக்கப்பட்ட உருவங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அங்கே நின்று ஒரு நிமிடம் தூண்களைத் தடவிப் பார்த்தால், வெற்றி பெற்றவனும் தோற்றவனும் ஒரே கூரையின் கீழ் எப்படிச் சேர்க்கப்பட்டார்கள் என்பது விளங்கும்.

அடுத்து வளைவுகளைக் கவனியுங்கள். முற்றத்தின் மேற்கே நிற்கும் பெரிய வளைவுத் திரை, பார்க்க வளைவு போலிருந்தாலும் உண்மையான வளைவு அன்று. கற்களைச் சிறிது சிறிதாக முன்னால் தள்ளி அடுக்கி உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். கட்டச் சொன்னவர்களுக்கு வளைவு தெரியும், கட்டிய உள்ளூர்க் கொத்தர்களுக்குத் தூணும் உத்தரமும்தான் தெரியும். ஆப்பு வடிவக் கற்களை ஒன்றையொன்று தாங்கும்படி பொருத்திய உண்மையான வளைவு பிறகுதான் வந்தது. 1311-இல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாசா வாசலில் அதைப் பழுதில்லாமல் காணலாம்.

அந்த 1311 என்ற ஆண்டு நமக்கு நெருக்கமானது. அதே ஆண்டில்தான் அலாவுதீனின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை வந்து கொள்ளையடித்துத் திரும்பினான். அந்தச் சிவப்புக் கல் வாசலின் முன்னால் நிற்கும்போது, பாண்டிய நாட்டிலிருந்து யானைகளும் பொன்னும் வந்து சேர்ந்த நகரம் இதுதான் என்று நினைத்துக்கொள்வேன். வடக்கே கொஞ்சம் நடந்தால் அலாவுதீன் தொடங்கி முடிக்காமல் விட்ட அலாய் மினாரின் அடிப்பகுதி கரடுமுரடாக நிற்கிறது. குதுப் மினாரைவிட இருமடங்கு உயரமாக வர வேண்டியது. 1316-இல் அவர் இறந்ததும் வேலை நின்றுபோனது.

இரும்புத் தூண் ஏழு மீட்டருக்குமேல் உயரம், ஆறு டன்னுக்குமேல் எடை, குப்தர் காலத்தது. ஆயிரத்து அறுநூறு ஆண்டு மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்து உதிராமல் நிற்பதன் காரணத்தைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம்; அதனால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகி, இரும்பை மேலும் அரிக்காமல் தடுக்கிறது. தூணைக் கட்டிப்பிடித்துக் கைகோத்தால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போது சுற்றிலும் வேலி.

கடைசியில் கோபுரத்துக்கு வாருங்கள். 72.5 மீட்டர். முதல் அடுக்கு ஐபக் காலம், அடுத்தவை இல்துத்மிஷ் காலம், மின்னல் தாக்கிச் சேதமானபின் மேல் அடுக்குகளைத் திருத்திக் கட்டியவர் பிரோஸ் ஷா துக்ளக். முதல் அடுக்கில் வட்டப் பட்டையும் கோணப் பட்டையும் மாறி மாறி வரும்; இரண்டாவதில் வட்டம் மட்டும், மூன்றாவதில் கோணம் மட்டும். 1981-இல் உள்ளே நடந்த நெரிசலில் பள்ளிப் பிள்ளைகள் பலர் இறந்தபின் மேலே ஏற அனுமதியில்லை.

இங்கிருந்து பெரும்பாலோர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கிளம்ப வேண்டாம். பக்கத்திலேயே மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா இருக்கிறது, கட்டணமில்லை. 1287 வாக்கில் இறந்த சுல்தான் பல்பனின் கல்லறை இங்கே இடிந்து கிடக்கிறது. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் உண்மையான வளைவுகளில் மிகப் பழையது என்று கருதப்படுவது இங்கேதான். ஜமாலி கமாலி மசூதியை ஒட்டிய சிறு கல்லறை அறை பூட்டியிருந்தால் காவலரிடம் பணிவாகக் கேளுங்கள், திறந்துவிடுவார். உள்ளே கூரையில் சிவப்பும் நீலமுமாகச் செய்த வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். ராஜோன் கி பாவ்லி என்ற லோடி காலத்துப் படிக்கிணற்றையும் பார்த்துவிடுங்கள். இருட்டுமுன் பூங்காவிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். வழிகள் காட்டுக்குள் கிளைபிரிகின்றன.

தெம்பும் நேரமும் மிச்சமிருந்தால் எட்டுக் கிலோமீட்டர் கிழக்கே துக்ளகாபாத் கோட்டை. கியாசுதீன் துக்ளக் 1321-இல் தொடங்கி நாலே ஆண்டில் எழுப்பிய பிரமாண்டம். சீக்கிரமே கைவிடப்பட்டது. குரங்குகள் அதிகம், நிழல் குறைவு. கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். சிரியையும் ஜஹான்பனாவையும் முதல் பயணத்தில் விட்டுவிடலாம்.

வியாழன்: ஜின்களுக்குக் கடிதம், ஹுமாயூனின் படிக்கட்டு

டெல்லி கேட் மெட்ரோவில் இறங்கி பிரோஸ் ஷா கோட்லாவுக்குப் போங்கள். கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தும் சுற்றுலாப் பஸ்கள் கண்டுகொள்ளாத இடம். பிரோஸ் ஷா 1354-இல் கட்டிய பிரோசாபாதில் மிஞ்சியது இது. வியாழக்கிழமைகளில் மக்கள் தங்கள் குறைகளைக் காகிதத்தில் எழுதி, விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றி, இங்கே வாழ்வதாக நம்பப்படும் ஜின்கள் என்ற கண்ணுக்குத் தெரியாத ஆவிகளிடம் முறையிடுகிறார்கள். நோய், வழக்கு, வேலை, வரன் என்று நம் ஊரில் குலதெய்வத்திடம் சொல்லும் எல்லாமே அந்தக் கடிதங்களில் இருக்கும். அவற்றைப் படிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

படிக்கட்டுப் போன்ற அடுக்குக் கட்டடத்தின் உச்சியில் நிற்பது அசோகரின் தூண். இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து பிரோஸ் ஷா அதைப் பஞ்சும் தோலும் சுற்றி, யமுனையில் படகேற்றிக் கொண்டுவந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருடைய அவையில் யாராலும் படிக்க முடியவில்லை. 1837-இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் பழைய பிராமி எழுத்தைப் படித்தறிய உதவியவற்றில் இந்தத் தூணும் ஒன்று. அந்த எழுத்து பிடிபட்டதால்தான், சோழ பாண்டியர் பெயரைச் சொல்லும் அசோகரின் பாறைக் கல்வெட்டுகளும் நமக்குப் படிக்கக் கிடைத்தன.

அடுத்தது புரானா கிலா. நீலத் தடத்தில் உச்ச நீதிமன்றம் நிலையம் அருகில். முகலாயப் பேரரசர் ஹுமாயூன் தொடங்கி, அவரைத் துரத்திய ஷேர் ஷா வளர்த்து, மறுபடி ஹுமாயூனிடமே வந்த கோட்டை. ஷேர் மண்டல் என்ற எண்கோணக் கட்டடம் ஹுமாயூனின் நூலகமாக இருந்தது. 1556 ஜனவரியில் அதன் செங்குத்தான படியில் தவறி விழுந்து அவர் இறந்தார். படியை வெளியிலிருந்தே பாருங்கள்.

கோட்டைக்கு எதிரே பிரகதி மைதானம். 2017-இல் பழைய கண்காட்சி அரங்கங்களை இடித்துவிட்டு எழுப்பிய பாரத மண்டபத்தின் முன்னால் 27 அடி உயர நடராசர் நிற்கிறார். ஜி20 மாநாட்டுக்காக 2023-இல் சுவாமிமலை ஸ்தபதிகள், சோழர் கால முறைப்படி மெழுகு அச்சில் எட்டு உலோகம் சேர்த்து வார்த்தது. உள்ளே போக முடிவது அன்றைய நிகழ்ச்சிகளைப் பொறுத்தது, முடியுமானால் தவறவிடாதீர்கள். காவிரிக் கரையின் கைத்தொழில் தலைநகரின் புது முகப்பில் நிற்பதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

மதிய உணவைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு சுந்தர் நர்சரிக்குப் போய்ப் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். புதர் மண்டிக் கிடந்த இடத்தைச் சீரமைத்து 2018-இல் திறந்த பூங்கா இது. அதை ஒட்டியே ஹுமாயூன் கல்லறை. அவருடைய மனைவி ஹாஜி பேகம் எழுப்பியது, 1572 வாக்கில் முடிந்தது. தாஜ் மகாலுக்கு எண்பது ஆண்டு மூத்தது. நாற்சதுரத் தோட்டம், உயர்ந்த மேடை, நடுவில் குவிமாடம் என்ற அமைப்பு இங்கே முழுமை பெற்றுத்தான் ஆக்ராவுக்குப் போனது. கூட்டம் குறைவு, தாஜைவிட நிம்மதியாக ரசிக்கலாம். 1857 கிளர்ச்சி தோற்றபின் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாபர் ஒளிந்திருந்து பிடிபட்டதும் இங்கேதான். நுழைவாயிலில் தரைக்கடியில் 2024-இல் திறந்த அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுக் கல்லறைக்குப் போனால் பொருள் விளங்கும்.

பொழுது சாயும்போது சாலையைக் கடந்து, தர்கா இருக்கும் நிஜாமுதீன் பஸ்தி. குறுகிய சந்து, இருபுறமும் ரோஜா மாலைக் கடை. "செருப்பை இங்கே விடுங்கள்" என்று ஒவ்வொரு கடைக்காரரும் கூப்பிடுவார். உள்ளே தர்கா வாசல் வரை போய், அங்கே செருப்பை விடுங்கள். ஆணும் பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா 1325-இல் மறைந்தார். அவர் காலடியில் சீடர் அமீர் குஸ்ரோவின் அடக்கம். மாலிக் காபூரின் தென்னகப் படையெடுப்பை எழுதிவைத்தவரும் இதே குஸ்ரோதான். வியாழன் மாலை முற்றத்தில் உட்கார்ந்து கவ்வாலி கேளுங்கள். பணம் கேட்டு நோட்டுப் புத்தகம் நீட்டுவார்கள். விருப்பமில்லையென்றால் கைகூப்பி மறுத்துவிடலாம். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளி: ஷாஜஹானாபாத்

இன்று சீக்கிரம் எழ வேண்டும். ஜாமா மசூதிக்கு முதலில் போங்கள், ஏனெனில் நண்பகலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக் கூட்டம். காலையில் அந்தச் சிவப்புப் படிகளில் புறாக்கள்தான் அதிகம். முழங்கால் மூடிய உடை வேண்டும். 1656-இல் முடிந்த இந்த மசூதியின் தெற்கு மினாரில் ஏறினால் பழைய டெல்லி முழுவதும் மொட்டைமாடிகளாக விரியும்.

பிறகு செங்கோட்டை. ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்ற ஷாஜகான் 1639-இல் தொடங்கி 1648-இல் குடிபுகுந்தது. லாகூர் வாசல், கூரைபோட்ட சத்தா சவுக் கடைத்தெரு, பொதுமக்கள் அவை, தனி அவை என்று நேர்கோட்டில் நடங்கள். மயிலாசனம் இருந்த இடம் தனி அவை. 1739-இல் பாரசீக அரசன் நாதிர் ஷா அதைத் தூக்கிக்கொண்டு போனான். மாளிகைகளுக்கு நடுவே வெறும் புல்தரை ஏன் இத்தனை பரந்து கிடக்கிறது என்று தோன்றும். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் உள்கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துப் படைவீரர் குடியிருப்பு கட்டினார்கள். அழகற்ற அந்தக் குடியிருப்புகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஒன்றில் நேதாஜி, இந்திய தேசிய ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. 1945-இல் அந்த ராணுவத்தின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் மூவர் மீதும் வழக்கு நடந்தது இந்தக் கோட்டையில். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். உங்கள் குடும்பத்தில் பினாங்கு, ஈப்போ என்று பேச்சு அடிபட்டிருந்தால் இங்கே கொஞ்ச நேரம் நிற்பீர்கள்.

வெளியே வந்தால் நேர் எதிரே சாந்தினி சவுக். ஷாஜகானின் மகள் ஜஹானாரா வடிவமைத்த கடைவீதி. 2021-இல் புதுப்பித்தபின் பகலில் மோட்டார் வாகனம் வராது. சைக்கிள் ரிக்‌ஷாவும் நடந்துபோகிறவர்களும்தான். கிழக்கிலிருந்து மேற்காக நடங்கள். சமணர்களின் லால் மந்திர், அதை ஒட்டிய பறவை மருத்துவமனை, கௌரி சங்கர் கோயில், 1675-இல் குரு தேக் பகதூர் தலை கொய்யப்பட்ட இடத்தில் எழுந்த சீஸ் கஞ்ச் குருத்வாரா, கடைசியில் பதேபுரி மசூதி. ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இத்தனை.

சாப்பாட்டுக்கு பராத்தே வாலி கலி என்பார்கள். நெய்யில் பொரித்தெடுப்பது, ஒன்றுக்குமேல் தாங்காது. இடதுபுறமும் வலதுபுறமும் பிரியும் சந்துகளில் தரீபா வெள்ளிக்கு, கினாரி பஜார் சரிகைக்கு. பதேபுரிக்கு அப்பால் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மூட்டை மூட்டையாக மிளகாய், மஞ்சள், உலர்பழம். மிளகாய் நெடியில் தொண்டை கமறும், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். சுமை தூக்குபவர்கள் வழி கேட்டுக் குரல் கொடுத்தால் உடனே ஒதுங்க வேண்டும், அவர்களால் நிற்க முடியாது.

சனி: புது டெல்லியும் அதற்கடுத்ததும்

1911 டிசம்பர் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். லட்யன்ஸ், பேக்கர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் இருவரும் வடிவமைத்த நகரம் 1931-இல் திறக்கப்பட்டது. பதினாறு ஆண்டில் ஆங்கிலேயர் கிளம்பிவிட்டார்கள்.

வெயில் ஏறுமுன் இந்தியா கேட். 42 மீட்டர் உயரம். முதல் உலகப் போரிலும் ஆப்கன் போரிலும் இறந்த வீரர்களின் பெயர்கள் சுவரில். பின்னாலுள்ள கல் மண்டபம் இந்நகரின் மாற்றத்தை ஒரே இடத்தில் காட்டும். அங்கே ஐந்தாம் ஜார்ஜ் சிலை இருந்தது. 1968-இல் அகற்றி வடக்கே கொரோனேஷன் பூங்காவில் வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் காலியாக இருந்த மண்டபத்தில் 2022 செப்டம்பரில் நேதாஜியின் கருங்கல் சிலை வந்தது. அதே சமயத்தில் ராஜ்பத் கர்த்தவ்ய பத் ஆனது. அருகிலேயே 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகம். வட்டமான சுவர்களில் சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொரு கல்லிலும். தமிழ்ப் பெயர்கள் நிறையக் கண்ணில் படும்.

விஜய் சவுக் வரை இரண்டு கிலோமீட்டர். நடந்தே போங்கள். வலப்பக்கம் தூண்கள் சூழ்ந்த வட்டமான பழைய நாடாளுமன்றம், 1927-இல் திறந்தது. பக்கத்தில் முக்கோண வடிவில் புதியது, 2023 மே 28 அன்று திறந்தது. மக்களவைத் தலைவர் இருக்கைக்கு அருகே வைத்திருக்கும் செங்கோல், 1947-இல் திருவாவடுதுறை ஆதீனம் நேருவிடம் வழங்கியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது, சாலையிலிருந்து பார்க்கலாம். வழியெங்கும் புதிய அரசுக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கும். மத்தியச் செயலகத்தின் வடக்கு, தெற்கு பிளாக்குகளை அருங்காட்சியகமாக்கும் திட்டமும் இருக்கிறது. அதனால் எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை முதல் நாள் இரவே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியரசுத் தலைவர் மாளிகை முடிந்ததும் தேசிய அருங்காட்சியகம். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். சிந்துவெளிக் கூடத்தில் பத்தரை சென்டிமீட்டர் உயர நடனப் பெண், வெண்கலக் கூடத்தில் சோழர் கால நடராசர். இவை இரண்டுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

மாலைக்கு இரண்டு வீடுகள். 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்பட்ட வீடான காந்தி ஸ்மிருதியில், அவர் கடைசியாக நடந்த பாதை காலடித் தடங்களாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. சப்தர்ஜங் சாலையில் இந்திரா காந்தியின் வீடு. அவர் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த சேலையோடு, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையின் எச்சமும் அங்கே இருக்கிறது. சிறு பிள்ளைகளை அந்த அறைக்குக் கூட்டிப் போகுமுன் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு பங்களா சாஹிப் குருத்வாரா. தலையை மூடி, கால் கழுவி, எல்லோரோடும் தரையில் அமர்ந்தால் ரொட்டியும் பருப்பும் பரிமாறுவார்கள். ரொட்டியை இரு கையாலும் ஏந்தி வாங்க வேண்டும். முடிந்தால் சமையற்கூடத்தில் சற்று நேரம் உதவலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஞாயிறும் கையில் இருந்தால்

காலையில் லோடி தோட்டத்தில் நடை. அதன்பின் ஆர்.கே. புரத்துக் குன்றின்மேல் உள்ள உத்தர சுவாமிமலை முருகன் கோயில், டெல்லித் தமிழர்கள் மலை மந்திர் என்று அழைப்பது. தமிழில் பேசவும் விசாரிக்கவும் ஆள் கிடைப்பார்கள். புத்தகப் பிரியர்களுக்கு டெல்லி கேட் அருகே மகிளா ஹாட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை. தாமரைக் கோயிலும் அட்சர்தாமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்; அட்சர்தாமில் கைபேசியை வெளியே ஒப்படைக்க வேண்டும், வரிசையும் நீளம், அரை நாள் போய்விடும். ஆக்ராவைச் சேர்ப்பதானால் தாஜ் மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருங்கள். மெட்ரோவிலும் ரயில் நிலையத்திலும் பெட்டிகளைத் தனித்தனியாகச் சோதிப்பார்கள், மாலையில் அந்த வரிசை நீளும். அஜ்மேரி கேட் பக்கமாக நுழைந்து, நடைமேடை எண்ணைப் பலகையில் பார்த்துவிட்டு மேம்பாலத்தில் ஏறுங்கள். எண் கடைசி நேரத்தில் மாறுவது உண்டு.